காதால் பார்த்த ஊர்



என் பாட்டி இந்நாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டத்திலேயே வேலை செய்து, தோட்டத்திலேயே கண்ணை மூடியவர். தமிழ்நாட்டு மண்ணை அவர் ஒரு நாளும் மிதித்ததில்லை. கப்பலேறி வந்தது அவருடைய தாயார்தான். ஆனால் எங்கள் லயத்து வீட்டில் அப்பா 'அன்னக்கிளி' படத்துப் பாட்டுக் கேசட்டைப் போடுவார். நெல் குத்துகிற பாட்டு வந்ததும், பாட்டி கையில் இருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடுவார்.

"அது நம்ம ஊரு சத்தம்டா" என்பார்.

"நீங்கதான் ஊருக்கே போனதில்லையே ஆயா!" என்று நான் கேலி செய்வேன்.

"போகாட்டி என்ன? எங்க ஆத்தா உலக்கை போட்டத நான் கேட்டிருக்கேன்ல!" என்று பதில் வரும்.

அன்றைக்கு அது எனக்கு விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது. ஆசிரியர் தொழிலுக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பதிலின் ஆழம் புரிந்தது. எங்கோ சென்னையில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து இசையமைத்த ஒருவர், கடல் கடந்த ஒரு லயத்து வீட்டுக்குள் ஒரு கிராமத்து முற்றத்தையே கொண்டுவந்து இறக்கிவிட்டாரே, அது எப்படி? அந்த வரலாற்றைத்தான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நிலத்துக்கு ஒரு பறை, நிலத்துக்கு ஒரு யாழ்

ஓசையால் ஓரிடத்தைக் காட்டுவது தமிழர்க்குப் புதிய கலையன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. மலைநிலத்தார் கொட்டிய பறை வேறு, கடற்கரையார் கொட்டிய பறை வேறு. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை என்றும், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்றும் பெயர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், 'இது மலை, இது கடல்' என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் நம் முன்னோர்களிடம் இருந்திருக்கிறது. மரமும் பறவையும் எப்படி ஒரு நிலத்துக்குச் சொந்தமோ, அப்படியே ஓசையும் அந்த நிலத்துக்குச் சொந்தம் என்பது அவர்கள் கருத்து.

திரைப்படம் என்ற புதிய கலை வந்தபோது, இந்தப் பழைய எண்ணம் வேறு உருவத்தில் மறுபடியும் தலைகாட்டியது எனலாம்.

பேசும் படம் பிறந்த கதை

தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. அதில் ஏறக்குறைய 50 பாடல்கள்! அக்காலத்தில் நடிகர்களே பாடவும் வேண்டும், நடிக்கவும் வேண்டும். படம் பிடிக்கும்போதே பாட்டையும் பதிவு செய்தாக வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் காமிராவின் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னாலும் திரைக்குப் பின்னாலும் ஒளிந்திருந்து வாசிப்பார்களாம். அப்படி ஒளிந்துகொண்டு எத்தனை வாத்தியங்களைத்தான் வாசிக்க முடியும்? ஆகவே அந்நாளைய படங்களில் பாட்டு இருந்தது. பாட்டுக்குள் காட்சி அவ்வளவாக இல்லை.

பின்னணி பாடும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. பாடுபவர் ஓரிடத்தில், நடிப்பவர் ஓரிடத்தில். வாத்தியக் கலைஞர்கள் ஒலிப்பதிவு அறையில் வசதியாக அமர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். இசையமைப்பாளருக்குக் கட்டு அவிழ்ந்தது. 'இந்தக் காட்சி எங்கே நடக்கிறது? அந்த இடத்தில் என்ன சத்தம் கேட்கும்?' என்று அவர் யோசிக்க முடிந்தது.

விசுவநாதன் - ராமமூர்த்தி இரட்டையர் 1950-களின் தொடக்கத்திலிருந்து 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள். அவர்கள் இசையில் 1964-ஆம் ஆண்டில் வந்த இரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'பச்சை விளக்கு' படத்தில் சிவாஜி கணேசன் ரயில் எஞ்சினை ஓட்டிக்கொண்டே பாடுகிறார். பாட்டின் தாளமே தண்டவாளத்தில் சக்கரம் ஓடுகிற தாளமாக இருக்கிறது. 'படகோட்டி'யில் மீனவர் வாழ்க்கை, டி. எம். சௌந்தரராஜனின் கம்பீரக் குரலில் கடலின் அகலமும் கடலை நம்பியவர்களின் துயரமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. கே. வி. மகாதேவன் இசையமைத்த 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் நாதஸ்வர வித்வானின் கதைக்கு மதுரை எம். பி. என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களே நாதஸ்வரம் வாசித்தார்கள். நாதஸ்வரம் அசலாக ஒலித்தால்தான் கோயிலும் பந்தலும் அசலாகத் தெரியும் என்பதை அந்தப் படம் மெய்ப்பித்தது.

இப்படிப்பட்ட மேதைகள் போட்டுவைத்த பாதையில் வந்தவர்தான் நம் கட்டுரை நாயகர் இளையராஜா.

பண்ணைப்புரத்துப் பையன்

இன்றைய தேனி மாவட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943-ஆம் ஆண்டு பிறந்தவர் இளையராஜா. தாயார் சின்னத்தாயி பாடிய நாட்டுப்புறப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாட்டுக் கச்சேரி நடத்தியவர். அந்தக் குழுவில் பதினான்கு வயது வாக்கில் சேர்ந்துகொண்டு, சுமார் பத்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார்.

மாணவர்களே, இந்தப் பத்து ஆண்டுகளைக் கவனியுங்கள். இவைதாம் அவருக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம். வயல்வெளியும் சந்தையும் திருவிழாவும் அவருக்குப் பாடப்புத்தகம். எந்த ஊரில் எப்படிக் குலவை போடுகிறார்கள், எந்தச் சாவில் எப்படிப் பறை அடிக்கிறார்கள், தாலாட்டு எப்படி இழுபடுகிறது என்பதெல்லாம் காதில் ஏறி உட்கார்ந்தன. அப்போது யாரும் அதற்குப் பரிசு கொடுக்கவில்லை, சான்றிதழும் கொடுக்கவில்லை.

1960-களின் இறுதியில் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டர் என்னும் இசையாசிரியரிடம் மேல்நாட்டு இசையை முறையாகக் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிட்டார் வாசிப்பில் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி. கே. வெங்கடேஷ் என்னும் இசையமைப்பாளரிடம் உதவியாளராகப் பல படங்களில் பணியாற்றினார். 1976-ஆம் ஆண்டு மே மாதம் பஞ்சு அருணாசலம் தயாரித்த 'அன்னக்கிளி' வெளிவந்தது. அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

அன்னக்கிளிக்கு முன்னால் படங்களில் கிராமத்துப் பாட்டே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று, நிறையவே இருந்தது. ஆனால் இளையராஜாவிடம் ஒரு புதிய சேர்க்கை இருந்தது. கிராமத்தைக் கேட்ட காது ஒன்று. கேட்டதை மேல்நாட்டு முறையில் வாத்தியம் வாத்தியமாகப் பிரித்துத் தாளில் எழுதத் தெரிந்த கை ஒன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் விசேஷம். காட்சியைப் பார்த்தவுடன் அவர் குறிப்பை மளமளவென்று எழுதிவிடுவார். வயலின்காரருக்கு வயலின் பகுதி, குழல்காரருக்குக் குழல் பகுதி என்று அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர்கள் பார்த்து வாசிப்பார்கள். படித்த படிப்பு, அவர் கொண்டுவந்த கிராமத்தை அழிக்கவில்லை. கிராமத்தைப் பாதுகாக்க அதுவே கருவியாயிற்று.

பாட்டுக்குள் காட்சி வருவது எப்படி?

இதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி நான்கு வழிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, தாளம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாளம் உண்டு. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கை போடும்போது, ஒருத்தியின் உலக்கை மேலே போகும், மற்றவளின் உலக்கை கீழே விழும். தவறினால் இரண்டும் மோதிக்கொள்ளும். 'அன்னக்கிளி'யில் எஸ். ஜானகி பாடும் நெல் குத்தும் பாட்டில் அந்த ஒழுங்கு தாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. உலக்கை பிடித்த தோளுக்கு அந்தத் தாளம் உடனே தெரிந்துவிடும். என் பாட்டி கையிலிருந்த வேலையை நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது, வாத்தியம். புல்லாங்குழல் கேட்டால் மேய்ச்சல் நிலமும் நாதஸ்வரம் கேட்டால் கல்யாணப் பந்தலும் நினைவுக்கு வருகின்றன. காலங்காலமாக அந்த இடங்களில் அவற்றைக் கேட்டுப் பழகிய பழக்கம்தான் காரணம். உறுமி கேட்டால் நமக்கு மாரியம்மன் கோயில் திருவிழா வருகிறதல்லவா? அது போலத்தான். இளையராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி'யில் (1980) தனிமையில் வாடும் நகரத்து வாலிபனுக்கு அவர் கொடுத்தது கிட்டார். கே. ஜே. யேசுதாஸ் பாடும் அந்தப் பாட்டில் உறுமியைச் சேர்த்திருந்தால் அந்த வாலிபன் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டிருப்பான்! எதைச் சேர்ப்பது என்பதோடு எதைச் சேர்க்காமல் விடுவது என்பதும் இசையமைப்பாளரின் அறிவுதான்.

மூன்றாவது, இடையிசை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில், பாடுபவர் வாய்மூடி இருக்கிற நேரம். பலர் அதை வெறும் இளைப்பாறல் என்று நினைக்கிறார்கள். இளையராஜாவின் பாட்டுகளில் அந்த நேரத்தில்தான் காட்சி நகர்கிறது. மகேந்திரன் இயக்கிய 'ஜானி' (1980) படத்தின் முடிவில், காற்றும் மழையும் அடித்துக் கொட்டுகிற இரவில், ஆளில்லாத திறந்தவெளி மேடையில் நாயகி பாடுகிறாள். வருவானா மாட்டானா என்று தெரியாத ஒருவனுக்காகப் பாடுகிறாள். எஸ். ஜானகியின் குரல் ஓய்கிற இடங்களில் வாத்தியங்கள் அந்தக் காற்றையும் ஏக்கத்தையும் தாங்கிக்கொள்கின்றன. படத்தைப் பார்க்காதவர்கூடக் கண்ணை மூடிக் கேட்டால், 'யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள்' என்று சொல்லிவிடுவார்.

நான்காவது, திரும்பத் திரும்ப வரும் ஓசை. மணிரத்தினம் இயக்கிய 'தளபதி' (1991) படத்தில் ஓர் இளந்தாய் தன் கைக்குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். குழந்தை வளர்ந்து பெரியவனாகிறான். தாய் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் ரயிலின் கூவல் மறுபடி கேட்கிறபோதெல்லாம் அந்தத் தாயின் முகம் மாறுகிறது. கேட்கிற நம் நெஞ்சும் மாறுகிறது. பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் சொல்ல முடியாததை ஒரு ரயில் கூவல் சொல்லிவிடுகிறது.

இந்த நான்கு வழிகளும் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவர் அந்த ஓசையை ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டும். இசையமைப்பாளர் பாதிக் காட்சியைத்தான் வரைகிறார். மீதிப் பாதி நம் நினைவில் இருக்கிறது. இதை நான் வகுப்பறையில் கண்கூடாகப் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு செய்தி.

நம் நாட்டுக் குரல்

தமிழ்நாட்டுக் கிராமத்தை இசையில் வரைந்த இளையராஜாவுக்குக் கிடைத்த அருமையான குரல்களில் ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. 1944-இல் மலேசியாவில் பிறந்து, இங்கே நாடக மேடைகளில் நடித்தும் பாடியும் பழகி, பிறகு சென்னைக்குச் சென்றவர் மலேசியா வாசுதேவன். 1977-இல் பாரதிராஜா இயக்கிய '16 வயதினிலே' படத்துப் பாட்டைப் பாட வேண்டிய எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்குத் தொண்டை சரியில்லாமல் போக, அந்த வாய்ப்பு இவருக்கு வந்தது. கிடைத்த வாய்ப்பை இவர் விடவில்லை.

அடுத்த ஆண்டே 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் கோயில் மணியை வைத்துப் பின்னிய காதல் பாட்டை எஸ். ஜானகியோடு பாடினார். 'முரட்டுக்காளை'யில் (1980) மஞ்சுவிரட்டுக் கொண்டாட்டத்தில் ஒலிப்பது இவர் குரல். 'முதல் மரியாதை'யில் (1985) வயதான கிராமத்துப் பெரியவரின் மனப்பாரத்தைச் சுமந்ததும் இதே குரல்தான். மலேசிய மண்ணில் பிறந்தவரின் தொண்டையில் வைகைக்கரை மணம் எப்படி வந்தது? பெற்றோரும் மற்றோரும் பேசியதையும் பாடியதையும் இங்கே காதால் கேட்டு வளர்ந்ததால் வந்தது என்றே நான் நினைக்கிறேன். 2011-இல் அவர் மறைந்தார். தன் பெயருக்கு முன்னால் நம் நாட்டின் பெயரை வைத்துக்கொண்டே பாடினார்.

இளையராஜாவின் இசை நம் பக்கத்துக் காட்சியையும் தொட்டதுண்டு. 1978-இல் வந்த 'பிரியா' படம் சிங்கப்பூரிலும் எடுக்கப்பட்டது. சிங்கப்பூரின் அழகைப் புகழ்ந்து யேசுதாஸ் பாடும் பாட்டு அதில் உண்டு. இனிமையான பாட்டு. ஆனாலும் அது விருந்தாளி ஒருவர் ஊரைச் சுற்றிப் பார்த்து வியக்கிற பாட்டு. விருந்தாளிக்கு விடிகாலைப் பெரட்டுச் சத்தம் எப்படித் தெரியும்? அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் ஒரு பாடம்

சென்ற ஆண்டு ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் வரைதாளைக் கொடுத்தேன். கைப்பேசியில் அந்த நெல் குத்தும் பாட்டின் ஒரு பகுதியை ஒலிக்கவிட்டு, "கண்ணை மூடிக் கேளுங்க. என்ன தெரியுதோ அதை வரைங்க" என்றேன்.

ஒரு பையன் எழுந்து, "சார், யாரோ பந்து தட்டுற மாதிரி இருக்கு" என்றான். வகுப்பே ஆமோதித்தது. தாள்களில் பந்து, கல்யாண மண்டபம், டிரம் செட். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த கணமே சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளைகள்மேல் என்ன குற்றம்? அவர்கள் உலக்கையைக் கேட்டதே இல்லையே!

பேத்தியை அழைத்துப் போக வந்து வாசலில் நின்ற ஒரு பாட்டியம்மா எட்டிப் பார்த்தார். "என்னா வாத்தியாரே, அது உலக்கைங்க!" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த குடையை இரண்டு கையாலும் பிடித்து, பாட்டின் தாளத்துக்குத் தரையில் குத்திக் காட்டினார். பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுற்றி நின்றார்கள். பிறகு மறுபடியும் பாட்டைப் போட்டேன். இந்த முறை எல்லார் தாளிலும் உலக்கை வந்துவிட்டது. பாட்டு மாறவில்லை, கேட்ட காது மாறிவிட்டது.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. உலக்கைச் சத்தம் போனது போகட்டும். அது ஊரில் விட்டு வந்த சத்தம். நம் தோட்டத்துச் சத்தங்கள் என்ன ஆயின? பெரட்டுக்கு அடிக்கும் தண்டவாளத் துண்டு, காண்டாவாளி ஆடுகிற ஓசை, பால்மரப் பட்டையில் கத்தி இழுபடும் மெல்லிய ஓசை, வெயில் ஏறினால் ரப்பர்க் காய் 'பட்' என்று வெடித்து விதை சிதறுகிற ஓசை. என் அப்பாவிடம் கேட்டால் இவற்றையெல்லாம் வாயாலேயே செய்து காட்டுவார். அடுத்த நாள் வகுப்பில் கேட்டேன். ரப்பர்க் காய் வெடிப்பதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. பள்ளியைச் சுற்றி இப்போது செம்பனைதானே! பழக்குலை 'தொப்'பென்று விழுகிற சத்தம்தான் அவர்களுக்குத் தெரியும். அதுவும் எத்தனை காலத்துக்கு? லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணம் போகின்றன. வீடு போனால் படத்தில் பார்க்கலாம். சத்தம் போனால் எதில் கேட்பது?

ஓசையும் வரலாறுதான்

வரலாறு என்றால் அரசர்களும் ஆண்டுகளும் மட்டுமல்ல. ஒரு தலைமுறை காதால் கேட்டு வாழ்ந்ததும் வரலாறுதான். பண்ணைப்புரத்துப் பையன் தன் தாயின் பாட்டைக் கவனமாகக் கேட்டு வைத்ததால், 1976-இல் ஒரு கிராமம் திரையில் ஒலித்தது. கடல் கடந்து என் பாட்டியின் வீடு வரை வந்தது. அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்ததும், 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியதும் பெரிய சாதனைகள்தாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் கேட்ட காதுதான்.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை விட்டு வந்து களைப்பாகத்தான் இருப்பீர்கள். இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் கேட்ட சத்தங்களைச் சொல்லுங்கள். மரம் சீவும்போது பாடிய பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, எது தெரிந்தாலும் பாடிக் காட்டுங்கள். 'இதெல்லாம் என்ன பெருமை' என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாணவர்களே, உங்கள் வீட்டுக் கைப்பேசியில் பாட்டுக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். தாத்தா பாட்டியின் குரலையும் அதே கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். தேதியும் தோட்டத்தின் பெயரும் எழுதி வையுங்கள். இந்த ஆண்டு விடுமுறைக்கு நான் தரும் வீட்டுப்பாடம் இதுதான்.

நாளைக்கு உங்களில் ஒருவர் இசையமைப்பாளராக வரலாம். அவர் போடும் பாட்டில் ஒரு ரப்பர்க் காய் வெடிக்கலாம். அதைக் கேட்டு, தோட்டத்தையே பார்த்திராத ஒரு குழந்தை, "இது நம்ம ஊரு சத்தம்" என்று சொல்ல வேண்டும்.

பரிசு பெறும் மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் மாணவர்களுக்கும் என் வாழ்த்துகள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!